ஒரு புத்தகமும் தொலையவில்லை

ஆகஸ்ட் 12 நூலகர் தினம். எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தநாளை நாடு முழுக்க அப்படித்தான் கொண்டாடுகிறோம். அதையொட்டி வந்த சனிக்கிழமை, எங்கள் பள்ளி நூலகர் சங்கத்துக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால் அவன் என்ன பேசுவான் என்று எல்லோருக்கும் தெரியும். "எங்க காலத்துல..." என்றுதான் ஆரம்பிப்பான். நான் அப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அது 1998-ஆம் ஆண்டு நான் கைப்பட எழுதிய இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையின் நகல். கடைசி வரி இப்படி இருக்கும்: காணாமல் போன நூல்கள்: இல்லை. கீழே என் கையெழுத்து. அந்த வரியை 20 வருடங்களுக்கு மேல் வருடம் தவறாமல் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். இன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

1984-ல் கோவையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நூலகராகச் சேர்ந்தேன். பி.லிப். முடித்த கையோடு வேலை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதுவரை நூலகத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் முதல் நாளே ஒரு சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். பதினோரு கண்ணாடி பீரோ, பதினோரு சாவி. "இதுதான் உங்க வேலை சார். ஒரு புக்கு போனாலும் உங்க சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்றார்.

அவர் மிரட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அடுத்த வருடச் சரிபார்ப்பில் மூன்று புத்தகம் குறைந்தது. 64 ரூபாய் பிடித்தார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'நூல் இழப்பு' என்று எழுதியதை அலுவலகம் முழுக்கப் பார்த்தது. திருடன் மாதிரி உணர்ந்தேன். அன்றைக்குப் பூட்டியவன்தான். ஆசிரியர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். பையன்கள் வந்தால் நாளிதழும் வார இதழும் மேஜை மேல் இருக்கும், படித்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். எந்தப் பையன் தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதைப் புத்தகத்துக்குக் கடிதம் கேட்பான்?

என் மேஜைக்கு எதிரே இருந்த பீரோவில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் வரிசையாக இருந்தன. அந்தப் புத்தகத்தின் பெருமை நம் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகளை 1954 முதல் 1968 வரை கொண்டுவந்தார். அது முடிந்ததும் குழந்தைகளுக்கென்று தனியே பத்துத் தொகுதி, 1976 வரை. ஒரு மனிதர் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டைக் கொடுத்துச் செய்த காரியம். அதை நான் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், சாப்பாட்டு மணியில் தினமும் அந்த பீரோ முன்னால் வந்து நிற்பான். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி, முதுகில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பான். ஒருநாள், "சார், நாலாவது மட்டும் பாத்துட்டுக் குடுத்தர்றனுங்" என்றான். "எச்.எம்.கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் கைத்தடம் பட்டிருந்ததைத் துடைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் ஐந்து பேர் இருப்பார்கள், தமிழுக்கு நான்கு பேர். ஒருவருக்குச் சந்தேகம் என்றால் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். நூலகர் ஒரே ஒருவர். நான் செய்வது சரியா தப்பா என்று சொல்ல அந்த வளாகத்தில் ஆள் கிடையாது. நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார், நானும் கொடுத்துவிடுவேன். எனக்கும் அறை அமைதியாக இருக்கும். பத்து வருடம் ஆனது, இருபது வருடம் ஆனது. படித்த பி.லிப். எல்லாம் மறந்து, சாவிக்கொத்து மட்டும் மிஞ்சியது.

2006-ல் ஒருநாள் பள்ளிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராம்நகரில் ஒரு பள்ளி வகுப்பறையில் பள்ளி நூலகர்கள் கூடுகிறோம், வாருங்கள் என்று. போக மனமில்லை. சனிக்கிழமை வீட்டு வேலை இருந்தது. சங்கம் என்றால் சந்தா கேட்பார்கள், கோஷம் போடச் சொல்வார்கள் என்ற பயமும் இருந்தது. தலைமையாசிரியர் "போய்ட்டு வாங்களேன்" என்றதால் போனேன்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பொள்ளாச்சி, சூலூர், அவினாசி, மேட்டுப்பாளையம் என்று பல ஊர்க்காரர்கள். பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவராகத் தன் பள்ளியைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்று, "இருபத்திரண்டு வருச சர்வீஸ். ஆரம்பத்துல ஒரு வருசம் தவிர, ஒரு புத்தகம்கூடத் தொலைஞ்சதில்லை" என்றேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர், ஓய்வு பெற ஓரிரு வருடம் இருக்கும், மெதுவாகக் கேட்டார்.

"பொடுசுகளுக்கு வருசத்துக்கு எத்தன புக்கு குடுப்பீங் தம்பி?"

"அது... வாத்தியாருங்க எடுக்கறதோட சேத்தா ஒரு முந்நூறு வருமுங்க்கா."

"எத்தன பசங்க?"

"ஆயிரத்து நூறு."

அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2005. அதில் நூலகங்களுக்கென்று ஒரு விதி. வருடத்தில் படிக்கக் கொடுத்த ஒவ்வோர் ஆயிரம் புத்தகத்துக்கும் ஐந்து புத்தகம் தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம், அந்த இழப்பு நேர்மைக் குறைவாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூலும் காணாமல் போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான் சாரம்.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சம்பளத்தில் கட்டிய மூன்று புத்தகம் நினைவுக்கு வந்தது. பிறகுதான் அந்தக் கணக்கின் மறுபக்கம் உறைத்தது. ஐந்து புத்தகம் தொலைக்கும் தகுதி வேண்டுமென்றால் முதலில் ஆயிரம் புத்தகம் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது முந்நூறு. ஒன்றுமே தொலையாததில் என்ன அதிசயம்?

"இது நம்ம ஸ்கூலுக்கு நேரடியாச் செல்லாதுங் தம்பி. மத்திய அரசு ஆபீசுகளுக்குப் போட்ட விதி. ஆனா, கவர்மெண்டே இப்படித்தான் பாக்குதுன்னு காட்டலாமல்ல?" என்றார் அக்கா. "தனியாப் போயிக் கேட்டா கொடுக்க மாட்டாங்க. எப்பப் போலாம்னு சொல்லுங்க, நாங்களும் வர்றோம்."

சொன்னபடி வந்தார்கள். அக்காவும், சூலூர்க்காரரும், அவினாசிக்காரரும். மூன்று பேரும் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒருவனுக்காக என் பள்ளித் தாளாளர் அறை வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அதனால் கால் காசு லாபம் கிடையாது. தொண்டு என்ற சொல்லை அதற்கு முன் மேடைப் பேச்சில்தான் கேட்டிருந்தேன்.

தாளாளர் ஒரு வருடம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அடுத்த திங்கட்கிழமை பதினோரு பீரோவையும் திறந்தேன். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது அப்பளம் மாதிரிச் சத்தம் வந்தது. முப்பது வருடமாக யாரும் திறக்காத புத்தகம் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருடம் 2,640 முறை புத்தகம் வெளியே போயிற்று. வருடக் கடைசியில் 19 குறைந்தது. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. சங்கத்தில் சொன்னேன். "பசங்களையே தேடச் சொல்லுங்" என்றார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தோம். ஒரு வாரத்தில் எட்டுப் புத்தகம் திரும்பி வந்தது, அதில் ஒன்று மஞ்சள் பையில் சுற்றி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் 11. கணக்குப்படி 13 வரை போகலாம். அறிக்கையில் முதன்முறையாக 'காணாமல் போன நூல்கள்: 11' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. யாரும் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் ரங்கநாதனை மறுபடி படித்தேன். தேர்வுக்காகப் படித்தபோது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. அவரும் தனியாக உட்கார்ந்தவர்தான். கணக்கு வாத்தியார் அவர். நம் கோவை அரசுக் கல்லூரியிலும் சில காலம் கணக்கு கற்பித்திருக்கிறார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆளில்லாத அறையில் உட்கார்ந்து அலுத்துப்போய், பழைய வாத்தியார் வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் படித்து, அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் இது தன் வேலை என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்தவர், தன் நூலகத்தோடு நிற்கவில்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார், செயலாளராகப் பல வருடம் உழைத்தார். உலகம் முழுக்க இன்று பாடமாக இருக்கும் அவருடைய ஐந்து விதிகளை அதே வருடம் டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில்தான் முதலில் எடுத்துச் சொன்னார். 1929-ல் சங்கத்தின் பெயரில் கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. ஆக, நம் ஊரில் நூலகப் படிப்பு பிறந்ததே ஒரு சங்கத்தின் மடியில்தான்.

அந்தச் சங்கம் தோன்றி 20 வருடம் கழித்து, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் அதுவே முன்னோடி. அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவரும் அவினாசிலிங்கம்தான். இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரியாகப் போவது அந்தச் சட்டத்தால்தான். கௌலி பிரவுன் சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகத்தில் நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பதற்கு அதுதான் ஆதாரம்.

ஆனால் அது பொது நூலகத்துக்கு. பள்ளி நூலகத்துக்கு அப்படி ஒன்று இல்லை. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி நூலகத்துக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாட நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நூலகர் என்ற சொல் அந்த வரியில் இல்லை. கிணறு வெட்டச் சொல்லிவிட்டுக் கயிறும் வாளியும் வேண்டும் என்று எழுத மறந்த மாதிரி.

அந்தக் கயிறைத்தான் நாங்கள் எங்களுக்குள் திரித்துக்கொண்டோம். இரண்டாம் சனிக்கிழமைகளில் நான் கற்றது கொஞ்சமில்லை. கிழிந்த புத்தகம் ஒட்ட மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது என்று மேட்டுப்பாளையத்துக்காரர் காட்டினார். கொடிசியா புத்தகத் திருவிழாவுக்கு எல்லோரும் சேர்ந்து போய், ஒருவர் வாங்கிய புத்தகம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதை மற்றவரிடம் கேட்டுவிட்டு வாங்கினோம். கதையை எப்படிச் சத்தமாக வாசிப்பது என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். நாற்பத்தேழு வயதில் எல்லோர் முன்னாலும் நரி மாதிரி ஊளையிட்டுக் காட்டியிருக்கிறேன்.

பிறகு கணினி வந்தது. கோஹா என்ற மென்பொருளை இளையவர்கள் அறிமுகம் செய்தார்கள். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதி, 2000-ல் பயன்பாட்டுக்கு வந்து, உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்த மென்பொருள். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத பள்ளிகளுக்கு அது பெரிய உதவி. நிறுவுவதற்குள் எனக்கு மூன்று சனிக்கிழமை போயிற்று. என்னைவிட இருபது வயது இளைய பெண் ஒருத்தி, "சார், தப்பா அமுக்கினா ஒண்ணும் ஆகாதுங், மறுபடி செஞ்சுக்கலாம்" என்று பத்துத் தடவை சொன்னாள். நான் அவளுக்குப் பசை காய்ச்சக் கற்றுக் கொடுத்தேன். கணக்கு நேர்.

அன்னூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில், வந்த புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் அறை மூலையில் கிடந்தன. இருந்த இரண்டு ஆசிரியர்கள் எத்தனையைத்தான் பார்ப்பார்கள்? ஆறு சனிக்கிழமை போய், பிரித்து, பட்டியல் எழுதி, சணல் கயிறு கட்டிப் புத்தகங்களைத் துணி காயப்போடுவது போல் தொங்கவிட்டுவிட்டு வந்தோம். கடைசி நாள் ஒரு சின்னப் பெண், "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா?" என்றாள். லெட்டர் வாங்கி வா என்று சொல்லவில்லை. அவள் பெயரைக் கேட்டு, நானே நோட்டில் எழுதினேன்.

2018-ல் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. சாவிக்கொத்து இப்போது உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கிறது. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மைதானம் இருக்கிறது. பீரோக்கள் மறுபடி பூட்டிவிட்டன என்று கேள்வி. பொள்ளாச்சி அக்கா காலமாகிவிட்டார். கொரோனாவுக்குப் பிறகு சங்கமும் இளைத்துவிட்டது. ஒரு காலத்தில் முப்பது பேர் வந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர். கலைத்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தனியார் பள்ளியில் நூலகர், கூடவே அலுவலக வேலையும் பார்க்க வேண்டும், சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

"சார், போன மாசம் ரெண்டு புக்கு காணோம்னு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. அதுனால நானும் இப்பப் பூட்டித்தான் வெச்சிருக்கேனுங்."

அறையில் யாரும் பேசவில்லை. நாற்பது வருடம் ஆகியும் அதே சாவிக்கொத்து. கலைத்துவிடலாம் என்று சொன்னவரே முதலில் தன் டைரியை எடுத்தார்.

நான் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தேன். பழையது இல்லை, 2017-ல் புதுப்பித்த விதிகள். விதி எண் 215 என்று மாறியிருக்கிறது, ஆயிரத்துக்கு ஐந்து என்பது மாறவில்லை. அவள் கையில் கொடுத்து, அக்கா என்னிடம் சொன்னதையே சொன்னேன். எப்பப் போலாம்னு சொல்லும்மா, நாங்களும் வர்றோம்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் போகிறோம். சம்மதிப்பார்களா என்று தெரியாது. ஒரு மணி நேரம் வாசலில் உட்காரத் தயாராகத்தான் போகிறோம்.

உங்கள் பேரன் பேத்தி படிக்கும் பள்ளிக்குப் போனால் ஒரு கேள்வி கேளுங்கள். நூலகத்தில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். போன வருடம் எத்தனை தொலைந்தது என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அந்த நூலகரைத் திட்டாதீர்கள். எங்கள் இரண்டாம் சனிக்கிழமைக்கு அனுப்பி வையுங்கள்.